மலைக்கு மூத்த நதி

காலை நிகழ்ச்சி இருக்கும் நாள்களில் நான் வீட்டை விட்டுக் கிளம்புவது நாலே முக்காலுக்கு. அந்த நேரத்தில் எங்கள் அடுக்குமாடியில் விழித்திருப்பவர்கள் இரண்டே பேர்தான். ஒன்று நான். இன்னொருவர், கேட்டைத் திறந்துவிடும் நேப்பாளப் பாதுகாவலர். எல்லாரும் அவரை 'தாய்' என்றே கூப்பிடுவார்கள். நேப்பாளியில் அதற்கு அண்ணன் என்று பொருள். நம் வாயில் அது வேறொன்றாகிவிடுவதை முதலில் கவனித்தவர் என் அம்மாதான். போதாக்குறைக்கு, நேப்பாளியில் அம்மாவுக்கு 'ஆமா' என்று பெயர். அவர் 'ஆமா' என்று கூப்பிட, அம்மா 'என்னத்துக்கு ஆமா?' என்று கேட்க, சில மாதங்கள் எங்கள் வாசலில் இந்தக் கூத்து நடந்தது.

ஒருநாள் விடியலில் அவர் கைப்பேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாய் ஒரு மலை. "எங்கள் மலை. வீட்டு வாசலில் நின்றால் தெரியும்," என்றார் மலாயில். தௌலாகிரி. மொபைல் வந்த புதிதில் யாரோ எடுத்த படம். எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அவர் ஊருக்குப் போய் ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

"நாங்கள் முக்திநாத் போகிறோம். அம்மாவுக்கு நெடுநாள் ஆசை," என்றேன்.

அவர் முகம் மாறியது. முக்திநாத்துக்குப் போகும் சாலை அவருடைய மாவட்டமான மியாக்டி வழியாகத்தான் போகிறதாம். மறுநாள் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிக்கூடப் பை ஒன்று, சிறுமி காலணி ஒரு ஜோடி, மூட்டுவலித் தைல டப்பாக்கள் ஆறு. பேனி என்ற ஊரில் அவருடைய அம்மா வந்து வாங்கிக்கொள்வார். அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். "மலையை நல்லதாக ஒரு படம் எடுத்து வாருங்கள், திதி." திதி என்றால் அக்கா.

தீபாவளி முடிந்த கையோடு கிளம்பினோம்.

நேப்பாளம் போகிறவர்கள் முதலில் கைக்கடிகாரத்தில் தடுமாறுவார்கள். நமக்கும் அவர்களுக்கும் இரண்டேகால் மணி நேர வித்தியாசம். அரை மணிக் கணக்கு இந்தியாவால் நமக்குப் பழக்கம். கால் மணிக் கணக்கு வானொலிக்காரியான எனக்கே புதிது. காரணம் ஒரு மலை. கௌரிசங்கர் என்ற சிகரத்தின் மேலே செல்லும் தீர்க்கரேகையை வைத்து 1986இல் நாட்டின் நேரத்தை வகுத்திருக்கிறார்கள். மலையைப் பார்த்து மணி வைத்துக்கொண்ட நாடு.

வரைபடத்தில் நேப்பாளம் ஒரு சாய்ந்த செங்கல் மாதிரி இருக்கும். நீளம் ஏறத்தாழ 885 கிலோமீட்டர். அகலம் சராசரி 200 கிலோமீட்டரைத் தொடாது. அதாவது கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போகும் தூரத்துக்கும் குறைவு. அந்தக் குறுகிய அகலத்துக்குள், தெற்கே கடல் மட்டத்திலிருந்து அறுபது, எழுபது மீட்டர் உயரமே உள்ள தராய் சமவெளியில் தொடங்கி, நடுவில் குன்றுகளாய் ஏறி, வடக்கே 8,848.86 மீட்டர் எவரெஸ்ட்டில் போய் முடிகிறது. உலகில் 8,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் பதினான்கு. அவற்றில் எட்டு நேப்பாளத்திலும் அதன் எல்லையிலும் இருக்கின்றன. நம் தீபகற்பத்தின் ஆக உயர்ந்த தாஹான் மலை 2,187 மீட்டர். எங்கள் ஜீப் ஓட்டுநரிடம் அப்படி ஓர் உயரத்தில் நின்ற பச்சை மலை ஒன்றைக் காட்டி, அதன் பெயர் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அது ஹிமால் இல்லை, பஹாட்." பனி படிந்தால்தான் ஹிமால். மற்றதெல்லாம் வெறும் குன்று. குன்றுக்கெல்லாம் யார் பெயர் வைப்பது?

அந்த ஓட்டுநரைக் கண்டது எங்கள் அதிர்ஷ்டம். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தவர். மலாய் சரளமாக வந்தது. தே தாரேக் எங்கே நன்றாக இருக்கும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார்.

காத்மாண்டுவை நான் வேகமாகத் தாண்டுகிறேன். தூசியும் நெரிசலும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். பொக்காராவில் ஒரு விடியலை மட்டும் சொல்லிவிட வேண்டும். பொக்காரா 800 மீட்டர் சொச்சம். கேமரன் மலையை விடத் தாழ்வு. வாழை மரம் நிற்கிறது. ஏரியில் படகு போகிறது. அதே இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஏழாயிரம், எட்டாயிரம் மீட்டர் மலைகள். ஐந்தே முக்காலுக்கு வானம் கறுப்பாகத்தான் இருந்தது. ஒரு நுனி மட்டும் திடீரென்று குங்குமம் தொட்டாற்போலச் சிவந்தது. மச்சபுச்சரே, 6,993 மீட்டர். மச்சம் என்றால் மீன். அம்மாவுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீன்வால் போல உச்சி இரண்டாகப் பிளந்திருக்கிறது. புனித மலை என்பதால் அதில் ஏற அனுமதி கிடையாது. எல்லா மலையிலும் கொடி நடுகிற மனிதர்கள் இதை மட்டும் விட்டுவைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

"மலைக்குப் போயி மீனு பேரு வெச்சிருக்காங்க," என்றார் அம்மா. அந்தப் பேச்சு நான்கு நாள் கழித்து எனக்கு நினைவுக்கு வந்தது.

பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானத்தில் இருபது நிமிடம். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். ஆகவே ஜீப், ஆகவே பேனி.

பேனி ஒரு சந்தை ஊர். மியாக்டி ஆறு காளி கண்டகியோடு சேரும் இடம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடை வாசலில் அவர்கள் நின்றிருந்தார்கள். சிவப்புச் சால்வை போர்த்திய மூதாட்டி, அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. மகள் பிறந்த சில மாதங்களில் கிளம்பி வந்தவர் நம் பாதுகாவலர். மூன்று மணி நேரம் நடந்து இறங்கி வந்திருக்கிறார்கள். ஏறிப் போக ஐந்து மணி நேரம் ஆகும் என்றார் பாட்டி, ஏதோ அடுத்த தெருவுக்குப் போகிற மாதிரி. சிறுமியின் அம்மா அறுவடையை விட்டுவிட்டு வர முடியவில்லையாம்.

ஓட்டுநர் மலாயில் மொழிபெயர்க்க, பேச்சு நடந்தது. பாட்டி கேட்ட முதல் கேள்வி, "இளைத்துவிட்டானா?" என் அம்மா யோசிக்காமல், "இல்ல, நல்லா இருக்காரு. நாங்க பார்த்துக்கிறோம்," என்றார். நாங்கள் பார்த்துக்கொண்டதெல்லாம், பண்டிகைக்குப் பண்டிகை ஒரு தட்டு முறுக்கு கொடுத்ததுதான். நான் வாயைத் திறக்கவில்லை.

மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல் இருக்கிறது. மக்காச்சோளமும் கேழ்வரகும் போடுகிறார்கள். "எட்டு மாதத்துக்குக் காணும்," என்றார் பாட்டி. மீதி நான்கு மாதத்துக்காகத்தான் அவர் மகன் எங்கள் கேட்டில் நிற்கிறார். அந்தக் குடும்பத்தின் கதை மட்டும் அல்ல இது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் நேப்பாளத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குச் சமம். சிங்கப்பூர் போலிசின் கூர்க்கா படைப்பிரிவு 1949இல் தொடங்கியது. அதற்கும் ஆள் வருவது இந்தக் குன்றுகளிலிருந்துதான். சுவரொட்டியில் அழகாக இருக்கும் சரிவில் ஏர் ஓட்ட முடியாது. அழகு என்று நாம் சொல்வதும் பாட்டி படும் பாடும் ஒரே மண்தான்.

சிறுமி புதுக் காலணியை அங்கேயே போட்டுப் பார்த்தாள். ஒரு விரல்கடை பெரிதாக இருந்தது. கழற்ற மாட்டேன் என்றாள். பாட்டி ஒரு துணி முடிச்சைக் கொடுத்தார். உள்ளே குந்த்ருக், கீரையைப் புளிக்கவைத்துக் காயவைத்தது. வாசம் வண்டி முழுக்க அடித்தது.

ஜீப் நகர்ந்து கொஞ்ச நேரம் அம்மா எதுவும் பேசவில்லை. பிறகு, "எங்க அப்பா கப்பல் ஏறுனப்ப அவங்க அம்மாவும் இப்படித்தான் நின்னுருப்பாங்க," என்றார். என் தாத்தா பதினான்கு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். திரும்பிப் போகவே இல்லை.

பேனியைத் தாண்டினால் சாலை, காளி கண்டகியின் கையைப் பிடித்துக்கொண்டு வடக்கே ஏறுகிறது. சாலை என்று சொல்வது மரியாதைக்காக. ஓரிடத்தில் மண் சரிந்து இரண்டு மணி நேரம் நின்றோம். ருப்சே அருவி சாலையோரத்திலேயே கொட்டுகிறது. சாரல் வண்டிக் கண்ணாடியில் தெறிக்கிறது. அதற்கு மேலே பள்ளத்தாக்கு நெருங்கி நெருங்கி, கடைசியில் வானம் ஒரு நாடா அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இங்கேதான் நான் ஓட்டுநரை வண்டியை நிறுத்தச் சொன்னேன். இடக்கைப் பக்கம் தௌலாகிரி, 8,167 மீட்டர். வலக்கைப் பக்கம் அன்னபூர்ணா, 8,091 மீட்டர். இரண்டும் எட்டாயிரத்தைத் தாண்டியவை. நடுவில் ஓடும் ஆறு ஏறத்தாழ 2,500 மீட்டரில். சிகரத்திலிருந்து ஆற்றுக்குக் கணக்குப் போட்டால் ஐந்தரைக் கிலோமீட்டர் ஆழம். உலகின் ஆக ஆழமான பள்ளத்தாக்கு இதுதான் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். கினாபாலு மலையைத் தூக்கி உள்ளே வைத்தாலும் மேலே இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்.

ஆழத்தைவிட எனக்கு வியப்பு தந்தது வேறு. ஆறு என்றால் மலையில் பிறந்து கீழே இறங்கும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். இந்த ஆறு, இரண்டு பெரிய மலைகளுக்கு அந்தப் பக்கம், திபெத் எல்லையோரம் பிறந்து, மலைத்தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கே வருகிறது. எப்படி? மலை எழுவதற்கு முன்பே ஆறு இருந்தது என்கிறார்கள் புவியியலாளர்கள். ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன், தெற்கிலிருந்து நகர்ந்து வந்த இந்திய நிலத்தட்டு ஆசியாவின் மேல் மோதியது. மோதல் இன்னும் முடியவில்லை. ஆண்டுக்கு நான்கைந்து சென்டிமீட்டர், அதாவது நம் நகம் வளரும் வேகத்தில், தட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. மலை ஒரு விரல்கடை எழ, ஆறும் ஒரு விரல்கடை அறுக்க, இருவரும் சளைக்காமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் இதைச் செய்திருக்கிறார்கள். அந்த நகர்வு சில நேரம் ஒரே நொடியில் கணக்குத் தீர்க்கும். 2015 ஏப்ரல் 25ஆம் தேதி நிலம் அதிர்ந்ததில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். மலையை எழுப்பும் கைதான் வீட்டையும் இடிக்கிறது.

அன்றிரவு காலோபானியில் தங்கினோம். மறுநாள் காலை ஆறரைக்கு விடுதி மாடியில் நின்று தௌலாகிரியைப் படம் எடுத்தேன். ஒரு துளி மேகம் இல்லை. தவளம் என்றால் வெண்மை. தவளகிரிதான் பேச்சில் தௌலாகிரி ஆகியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகிலேயே உயரமான மலை இதுதான் என்று கொஞ்ச காலம் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் தப்பே இல்லை என்று அங்கே நின்றபோது தோன்றியது. நாற்பது படமாவது எடுத்திருப்பேன். தாய்க்கு நல்லதாய் ஒன்று தேறும்.

காலோபானியிலிருந்து இரண்டு மணி நேரம் போவதற்குள் நாடே மாறிவிட்டது. பின்னால் பைன் காடு, ஈரம், பாசி. முன்னால் சாம்பலும் பழுப்புமாய் மொட்டை மலை. தெற்கிலிருந்து வரும் மழை மேகத்தை அன்னபூர்ணாவும் தௌலாகிரியும் தடுத்துவிடுகின்றன. அன்னபூர்ணாவின் தென்புறச் சரிவிலுள்ள லும்லே என்ற ஊரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, நேப்பாளத்திலேயே அதிகம். மலைக்கு இந்தப் பக்கம் ஜோம்சோமில் 300 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிது. ஒரே மலையின் முன்புறம் குடை, பின்புறம் தூசிமறைப்பு.

மழை நுழையாத இடத்தில் காற்று நுழைகிறது. முற்பகல் பத்து, பதினொன்றுக்கு ஆரம்பிக்கும். வெயிலில் சூடாகும் வடபுற மேட்டுநிலத்தின் காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து காற்று இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்து வருகிறது. மாலைவரை ஓயாது. ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும் பறப்பது இதனால்தான். ஆற்று மணலைக் கிளப்பி முகத்தில் அறைந்தது. அம்மாவின் கம்பளித் தொப்பி ஒன்று இப்போது மஸ்டாங் மாவட்டத்தில் எங்கோ இருக்கிறது. மார்ஃபா கிராமத்து வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்பதும், தட்டைக் கூரை விளிம்பில் விறகை மதில் போல அடுக்கியிருப்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அங்கே ஆப்பிள் விளைகிறது. வழியில் ஒரு வீட்டில் தக்காலி சமையல் சாப்பிட்டோம்: பருப்பு, சோறு, கீரை, முள்ளங்கி ஊறுகாய். ஒரு காலத்தில் தக்காலி மக்கள் திபெத்து உப்பை வாங்கித் தெற்கத்தித் தானியத்துக்கு மாற்றி, இந்தப் பள்ளத்தாக்கின் வணிகத்தையே கையில் வைத்திருந்தவர்கள். ஊரைச் சுற்றி எட்டாயிரம் மீட்டர் சுவர் இருந்தால், அதில் உள்ள ஒரே இடைவெளிக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்!

ஜோம்சோமுக்கு மேலே நிற்கும் சிகரத்தின் பெயர் நீலகிரி. அம்மாவுக்கு ஊட்டி நினைவு வந்துவிட்டது. ஊட்டியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்; இங்கே ஜோம்சோம் கடைத்தெருவே அதைவிட உயரம். இந்த நீலகிரி 7,061.

காக்பேனி அருகே ஆறு அகன்று, கூழாங்கல் மைதானமாய்க் கிடக்கிறது. வறண்ட நாடு என்று நம்பி மண் கூரை போட்ட ஊர் இது. 2023 ஆகஸ்டில் இங்கே திடீர் வெள்ளம் வந்து வீடுகளைச் சேற்றில் மூழ்கடித்தது. அந்தச் சேறு இன்னும் சில சுவர்களில் இடுப்பளவுக்குக் காய்ந்து நின்றது. இப்போதெல்லாம் மழை சொல்லிக்கொள்ளாமல் வருகிறது என்றார் ஓட்டுநர்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றுப்படுகையில் இறங்கினார். காளி கண்டகியில்தான் சாளக்கிராமம் கிடைக்கும் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அரை மணி நேரம் தேடி, கறுப்பாய், முட்டை அளவில் ஒரு கல்லை எடுத்துவந்தார். ஒரு பக்கம் உடைந்து, உள்ளே சுருள் சுருளாய் வரிகள். அம்மாவுக்கு அது சக்கரம், பெருமாள். எனக்கு அது அம்மோனைட்; ஏறத்தாழ பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்திய உயிரின் புதைபடிவம். நாம் சம்பல் வைத்துச் சாப்பிடும் சோத்தோங்கின் தூரத்து உறவு. இந்தியத் தட்டுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் டெதிஸ் என்றொரு கடல் இருந்தது. நிலம் நிலத்தை மோதியபோது அந்தக் கடலின் அடித்தரைதான் மடிந்து இமயமாக எழுந்தது. எவரெஸ்ட் உச்சிப் பாறையிலும் கடலுயிர்களின் எச்சம் உண்டு. அம்மாவிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"பெருமாள் பாற்கடல்லதானடி இருக்காரு? கடல்லேருந்து வந்தாருன்னா சரியாத்தான் இருக்கு," என்றார். மலைக்கு மீன் பெயர் வைத்ததும் சரியாகத்தான் இருந்தது.

கல்லைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டார். வீட்டில் சாளக்கிராமம் வைத்தால் தினமும் பூஜையும் நைவேத்தியமும் தவறக்கூடாது. "எனக்கப்புறம் நீ செய்வியா?" என்று கேட்டார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

முக்திநாத்தைப் பற்றி எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. ஏறத்தாழ 3,750 மீட்டர். மூச்சுக்கு மூச்சு நமக்குக் கிடைக்கும் உயிர்வாயு, கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அம்மாவுக்கு அறுபத்தேழு வயது, இரத்த அழுத்தம் வேறு. கோலாலம்பூர் மருத்துவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: ஒரேயடியாக ஏறக்கூடாது, வழியில் இரண்டு இரவாவது தங்க வேண்டும், தலைவலி வந்தால் பேச்சே இல்லை, கீழே இறங்கிவிட வேண்டும். முக்திநாத் போக நினைக்கும் பெரியவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வந்திருந்தவர்களில் சிலர் பொக்காராவிலிருந்து ஒரே மூச்சில் ஏறி, கோயில் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத் திருப்பதி இதுதான் என்று கொள்வதால், 108 திவ்ய தேசம் சேவிப்பவர்கள் இங்கே வருகிறார்கள். வாசலிலேயே தமிழ் கேட்டது. கும்பகோணத்திலிருந்து ஒரு கூட்டம். பௌத்தர்களுக்கும் இது புனித இடம். பக்கத்திலேயே ஜ்வாலா மாயி கோயிலில் பாறையிடுக்கிலிருந்து வரும் இயற்கை எரிவாயு நீலச் சுடராய் எரிய, அதன் அடியில் தண்ணீர் ஓடுகிறது. அதைப் பராமரிப்பவர்கள் பௌத்தப் பெண் துறவிகள்.

கோயிலின் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 மாட்டுமுகத் தாரைகள். மலை உருக்கி விட்ட தண்ணீர். ஆண்களும் பெண்களும் அலறிக்கொண்டே ஒவ்வொன்றின் அடியிலும் ஓடினார்கள். அம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டார். நான் குறுக்கே நின்றேன். அவர் உதடு இலேசாக நீலம் பாய்ந்திருந்தது. பேச்சில் இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. இவ்வளவு தூரம் கூட்டிவந்து நானே மறிப்பதா? அங்கே அந்த ஒரு நிமிடம் எனக்கு வானொலியில் எந்த நேரலையிலும் வராத நடுக்கம் வந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சுவரை ஒட்டி மெதுவாக நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தாரையிலும் விரல் நுனியை நனைத்து நெற்றியில் தொட்டுக்கொண்டார். நூற்றெட்டும் தொட நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தார். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன். எழுபது பக்கம் எண்ணிக்கை தவறிவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் ஜீப் ஏறி இறங்கிவிட்டோம். காக்பேனி வந்ததும் தலைவலி இல்லை, பசிக்கிறது என்றார்.

ஊர் திரும்பிய மறுநாளே காலை நிகழ்ச்சி. நாலே முக்காலுக்குக் கேட்டில் வண்டியை நிறுத்திக் குந்த்ருக் முடிச்சைக் கொடுத்தேன். அவர் முதலில் அதை முகர்ந்து பார்த்தார். சிறுமி காலணியோடு நிற்கும் படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். "பெரிதாகிவிட்டதோ?" என்று கேட்டார். காலணியா, மகளா, தெரியவில்லை. பிறகு காலோபானியில் எடுத்ததில் ஆக நல்ல படத்தைக் கொடுத்தேன். தௌலாகிரி, காலை வெயிலில், மேகமே இல்லாமல்.

அவர் இரண்டு விரலால் பெரிதாக்கினார். கைப்பேசியைச் சாய்த்துப் பார்த்தார். என் மனம் நோகக்கூடாது என்று சொல்லைத் தேடுகிற மாதிரி இருந்தது.

"நல்ல படம், திதி. ஆனால் இது அந்தப் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் இப்படி இருக்காது."

பின்னால் ஒரு கார் ஒலி எழுப்பியது. அவர் கேட்டைத் திறக்கப் போனார்.